ப்ராஜெக்ட்ல நல்லாருக்கு, பவுன்ஸ் பண்ணா சொதப்புது: எங்க கெடுதுன்னு தேடிப் பிடிக்கிறது

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து மிக்ஸ் பண்ணி, ஸ்பீக்கர்ல கும்முனு கேட்டு, நமக்கு நாமே தலையாட்டிக்கிட்டு பவுன்ஸ் அடிச்சு, அதாவது மொத்த மிக்ஸையும் ஒரே ஆடியோ ஃபைலா எடுத்து, போன்ல போட்டுப் பாத்தா வேற யாரோ பண்ண பாட்டு மாதிரி இருக்கும். வாய்ஸ் எங்கயோ தூரத்துல நிக்கும், மிருதங்கம் தகர டப்பா மாதிரி தட்டும், நடுநடுவுல டிக் டிக்னு ஏதோ வெடிக்கும். உடனே எல்லாரும் பண்றது என்ன, ப்ராஜெக்டைத் தொறந்து ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கிறது) திருகுறது. திருகாதீங்க. கெட்டது மிக்ஸா, பவுன்ஸா, இல்ல கேக்குற சாமானான்னு தெரியாம திருகுனா நல்லா இருந்ததும் சேந்து போயிடும், காலைல எது பழைய செட்டிங்குன்னே ஞாபகம் இருக்காது.

நான் வீட்டு மாடில ஒரே ஒரு ரூம்ல பண்றவன், பக்திப் பாட்டு, குறும்படம், காலேஜ் பசங்க கவர் சாங், இதுதான் வர்ற வேலை. கீழ சொல்றதுல பாதிக்கு மேல நானே பண்ண தப்பு, சிலது ரெண்டு தடவை பண்ணிருக்கேன்.

முதல்ல எந்தப் பக்கம் தப்புன்னு பாத்துடுங்க

இதுக்கு நல் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பத்து நிமிஷ வேலை, ஆனா ரெண்டு நாள் மிச்சமாகும். ப்ராஜெக்ட் என்ன சாம்பிள் ரேட்ல இருக்கோ அதே ரேட்ல, 32 பிட் ஃப்ளோட் வேவ் ஃபைலா பவுன்ஸ் எடுங்க. அதை அதே ப்ராஜெக்ட்ல ஒரு புது டிராக்ல, பவுன்ஸ் ஆரம்பிச்ச அதே இடத்துல சரியா வைங்க, ஃபேடர் 0-ல இருக்கட்டும். அந்த டிராக்ல ஃபேஸ் (அலையைத் தலைகீழாக்குற) பட்டனை அமுக்குங்க, வட்டத்துல குறுக்கா ஒரு கோடு போட்ட பட்டன் இருக்குமே அது. இப்ப ப்ளே பண்ணா மிக்ஸும் பவுன்ஸும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஸ்பீக்கர்ல சத்தமே வரக்கூடாது.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. மாஸ்டர்ல (எல்லா டிராக்கும் கடைசில சேர்ற சேனல்) லிமிட்டர் (உச்ச சத்தத்தை அமுக்குறது), ஈக்யூன்னு எதையாவது போட்டிருந்தா இந்தப் புது டிராக்கும் அதுக்குள்ள இன்னொரு ரவுண்டு போயி வரும், அப்புறம் டெஸ்டே பொய்யாயிடும். அதனால மாஸ்டர்ல இருக்கிற பிளக்இன் எல்லாத்தையும் ஒரு குரூப் பஸ்ஸுக்கு (பல டிராக்கை ஒண்ணாச் சேக்குற சேனல்) மாத்திட்டு, எல்லா டிராக்கையும் அந்த பஸ் வழியா விட்டு, பவுன்ஸ் டிராக்கை மட்டும் நேரா மாஸ்டருக்கு அனுப்புங்க. நான் இப்பல்லாம் டெம்ப்ளேட்லயே அப்படித்தான் வச்சிருக்கேன், மாஸ்டர்ல எதுவும் போடுறதில்ல.

சுத்தமா சத்தம் அடங்கிட்டா ஃபைல் மேல தப்பில்ல, மிக்ஸ்லயோ கேக்குற இடத்துலயோதான் பிரச்சனை. ரிவர்ப் மட்டும் லேசா புகை மாதிரி கேட்டா பயப்பட வேண்டாம், கோரஸும் சில ரிவர்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரிதான் சுத்தும், சாம்ப்ளர்லயும் (பதிஞ்சு வச்ச வாத்திய சத்தத்தை வாசிக்கிற பிளக்இன்) ஒரே நோட்டுக்கு மாத்தி மாத்தி சாம்பிள் எடுக்கிற டைப் இருக்கு. ஆனா ஒரு வாத்தியம் முழுசா கேக்குது, இல்ல டிக்னு ஒரு சத்தம் மட்டும் தனியா கேக்குதுன்னா, பவுன்ஸ்ல தப்பு நடந்த இடத்தை அதுவே காட்டிக் குடுத்துருச்சு.

ப்ராஜெக்ட்ல கிழியல, பவுன்ஸ்ல கிழியுது

இதுதான் அதிகமா வர்ற கேஸ். இப்ப இருக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் உள்ள 32 பிட் ஃப்ளோட் இல்லன்னா 64 பிட் ஃப்ளோட்ல கணக்கு போடுது, அதனால டிராக் மீட்டர் சிவப்பாகி 0 டிபியைத் தாண்டிப் போனாலும் உள்ளுக்குள்ள எதுவும் கிழியாது. ஆனா 16 பிட், 24 பிட் ஃபைலா எழுதுறப்ப 0-க்கு மேல இடமே கிடையாது, மேல நீட்டுனதெல்லாம் கத்தியால சீவுன மாதிரி போயிடும். "அப்ப ஸ்பீக்கர்லயும் கிழியணுமே, ஏன் கேக்கல"ன்னு தோணும். கியூபேஸ் சாஃப்ட்வேர்ல கண்ட்ரோல் ரூம் மாதிரி மாஸ்டருக்கு அப்புறம் தனி வால்யூம் வச்சு கேக்குறவங்களுக்கு இது கேக்கவே கேக்காது, ஏன்னா இன்டர்ஃபேஸுக்கு (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) போறதுக்கு முன்னாடியே வால்யூம் குறைஞ்சிடுது. ஃபைல் எழுதுறது அந்த வால்யூமுக்கு முன்னாடி இருக்கிற சிக்னலை.

சரி பண்ண மாஸ்டர் ஃபேடரை மட்டும் இழுக்குறாங்க, பல நேரம் அதுவே போதும்தான், ஆனா மாஸ்டர் பிளக்இன்கள் ஃபேடருக்கு முன்னாடி உக்காந்திருக்கும், அதுங்களுக்குள்ள ஓவராப் போய் கிழிஞ்சிருந்தா ஃபேடரை இழுத்து என்ன புண்ணியம், கிழிஞ்ச சத்தம் சின்னதாக் கேக்கும் அவ்வளவுதான். எல்லா டிராக்கையும் சேத்து செலக்ட் பண்ணி 6 டிபி எறக்குங்க, ஃபேடர்ல ஆட்டோமேஷன் எழுதிருந்தா ஒவ்வொரு டிராக்லயும் கெயின் பிளக்இன் போட்டு எறக்குங்க. பழைய அனலாக் சாமானை காப்பியடிச்ச கம்ப்ரசர், டேப் பிளக்இன் மாதிரி ஐட்டங்கள் நிறைய மைனஸ் 18 டிபி பக்கத்துல சிக்னல் வரும்னு நெனச்சு செஞ்சது, அதுக்குள்ள மைனஸ் 2-ல தள்ளுனா கரகரன்னுதான் சொல்லும், அது ரிப்பேர் இல்ல, அதோட குணமே அதான்.

வேவ் ஃபைல் சுத்தமா இருக்கு, எம்பி3 ஆக்குனதும் உச்சத்துல மட்டும் லேசா நொறுங்குதுன்னா அது வேற. மீட்டர் காட்டுறது சாம்பிள் புள்ளிகளோட உயரத்தைத்தான், ரெண்டு புள்ளிக்கு நடுவுல அலை அதுக்கும் மேல எழும்பிப் போகலாம், எம்பி3, ஏஏசி ஆக்குறப்ப அலை கொஞ்சம் மாறுறதால இது இன்னும் கூடும். லிமிட்டர்ல ட்ரூ பீக் ஆன் பண்ணி சீலிங்கை (இதுக்கு மேல போகாதங்கிற வரம்பு) மைனஸ் 1-ல வைங்க. நாதஸ்வரம் மாதிரி முகத்துல அறையிற வாத்தியம் இருக்கிற பாட்டுக்கு நான் மைனஸ் 1.5 கூட வைப்பேன், யாரும் வந்து சத்தம் குறைஞ்சிடுச்சேன்னு கேட்டதில்ல.

இன்னொண்ணு, அந்த டிராக்கை மட்டும் சோலோ பண்ணி அலையைப் பெருசாக்கிப் பாருங்க, மொட்டை மாடி மாதிரி மேல தட்டையா இருந்தா அது ரெக்கார்டிங்லயே செத்தது. டீகிளிப்பர் பிளக்இன் போட்டா கொஞ்சம் தேத்தலாம், பாடுனவங்களைத் திரும்பக் கூப்பிட முடிஞ்சா அதுதான் நல்லது. 32 பிட் ஃப்ளோட்ல ரெக்கார்ட் பண்ணேனேன்னு சொல்லாதீங்க, சாதாரண இன்டர்ஃபேஸோட கன்வர்ட்டர்ல கிழிஞ்சப்புறம் ஃபைல் எத்தனை பிட்டா இருந்தா என்ன.

டிக் டிக்னு வெடிக்குது

ரெண்டு தடவை பவுன்ஸ் எடுத்துப் பாருங்க, அதுல பாதி விடை வந்துரும். ரெண்டுலயும் அதே இடத்துல வெடிச்சா எடிட் தப்பு, வெட்டி ஒட்டுன இடத்துல ஃபேட் போடாம விட்டிருப்பீங்க, அலை பாதில அறுந்து நிக்கிறதுதான் டிக். 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் போதும். ஆட்டோமேஷன் செங்குத்தா குதிக்கிற இடத்துலயும் வரும்.

ரெண்டுலயும் வேற வேற இடத்துல வெடிச்சா கம்ப்யூட்டர் திணறுது. பெரிய சாம்ப்ளர் எல்லாம் டிஸ்க்ல இருந்து ஓட ஓட படிக்கும், ஃபாஸ்ட் பவுன்ஸ்ல சில சமயம் நோட்டையே முழுங்கிடும், போன வருஷம் ஒரு பாட்டுல வயலின் செக்‌ஷன்ல ஒரு நோட்டு காணாமப் போயி நான் கவனிக்கவே இல்ல, பாட்டுக்காரர்தான் சொன்னார். ரியல் டைம் பவுன்ஸ் எடுத்துப் பாருங்க, பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு மூச்சுல எடுத்துக்கிற சாம்பிள் அளவு) 1024-க்கு ஏத்துங்க, அதுவும் சரிவரலேன்னா கனமான டிராக்கை ஃப்ரீஸ் பண்ணி ஆடியோவா மாத்திட்டு பவுன்ஸ் அடிங்க. ஃப்ரீஸ் பண்றதுல இன்னொரு லாபம், அந்த டிராக் சரியா வந்திருக்கான்னு தனியாக் கேட்டுக்கலாம்.

மூணாவது ஒரு வகை இருக்கு, கடிகாரம் மாதிரி சில செகண்டுக்கு ஒரு தடவை சின்னதா டப்புனு வரும். ரெண்டு டிஜிட்டல் சாமானை ஆப்டிக்கல் கேபிள்லயோ எஸ்பிடிஃப் கேபிள்லயோ இணைச்சு, ரெண்டும் அது அது இஷ்டத்துக்கு கிளாக் ஓட்டுனா இப்படி ஆகும். ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு அதைப் பாத்து ஓடணும், இன்டர்ஃபேஸ் செட்டிங்ல கிளாக் சோர்ஸ்னு இருக்கும், அங்க மாத்தணும். இது ரெக்கார்டிங்கே கெட்டுப்போற வகை, பவுன்ஸ்ல ஒண்ணும் பண்ண முடியாது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை புஸ்ஸுனு இரைச்சல், இல்ல சட்டுனு நிசப்தம்னா ஏதாவது ட்ரையல் பிளக்இன் உள்ள இருக்கும், காசு கட்டச் சொல்லி அது பண்ற வேலை.

பாட்டு சுருதி மாறி ஓடுது

பாடுனவங்கதான் இதை முதல்ல கண்டுபிடிப்பாங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்ததை மாத்தாம 48-ன்னு நெனச்சு ஓட்டுனா சுருதி ஒன்றரை செமிடோன் கிட்ட ஏறிடும், நம்ம கணக்குல சொன்னா முக்கா கட்டை. அஞ்சு நிமிஷப் பாட்டு 4 நிமிஷம் 36 செகண்ட்ல முடிஞ்சிடும். எதிர்ப்பக்கம் நடந்தா இறங்கி இழுக்கும், பாடகர் தூங்கி எந்திரிச்சு பாடுன மாதிரி. சிடிக்கு 44.1, வீடியோவுக்கு 48 அப்படின்னு ரெண்டு உலகமா ஆனதால வந்த வினை இது, இதுல 44.1-ங்கிற நம்பரே டிஜிட்டல் ஆடியோவை வீடியோ டேப்ல பதிஞ்ச காலத்துக் கணக்குல இருந்து வந்ததுங்கிறதுதான் வேடிக்கை.

குறும்படத்துக்குன்னா ப்ராஜெக்ட் தொடங்குறப்பவே 48 வச்சுக்குங்க. ஃபைலை இம்போர்ட் பண்றப்ப "கன்வர்ட் பண்ணவா"ன்னு ஒரு பெட்டி வரும், பாதிப் பேர் படிக்காம நோ அமுக்கிடுறோம்.

ஹெட்ஃபோன்ல வாய்ஸ் இருக்கு, போன் ஸ்பீக்கர்ல காணோம்

இதுக்கு கொஞ்சம் நேரம் குடுங்க, ஏன்னா நம்ம ஊர்ல பாட்டு கேக்குறது பாதி போன் ஸ்பீக்கர்ல, மீதி கோயில்லயும் கல்யாண மண்டபத்துலயும் கட்டுற மைக் செட்ல. மைக் செட்ல லெஃப்ட், ரைட்னு எதுவும் கிடையாது, ரெண்டையும் ஒண்ணாக் கூட்டி மோனோவாத்தான் விடுவாங்க. லெஃப்ட்டும் ரைட்டும் கூடுறப்ப ஒண்ணு மேல போற இடத்துல இன்னொண்ணு கீழ போனா ரெண்டும் கழிஞ்சு காலியாயிடும்.

மாஸ்டர்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்கிக் கேளுங்க, இல்லாட்டி கோரிலேஷன் மீட்டர் (லெஃப்ட்டும் ரைட்டும் ஒத்துப் போகுதான்னு காட்டுறது) இருக்கிற இலவச பிளக்இன் ஏதாவது போடுங்க, வோக்ஸெங்கோ ஸ்பான் ஒண்ணே போதும். முள்ளு ப்ளஸ் பக்கம் நின்னா நல்லது, மைனஸ் பக்கமே குடியிருந்தா மோனோல பாட்டு செத்துரும். அப்புறம் ஒவ்வொரு டிராக்கா மோனோல சோலோ பண்ணிப் பாருங்க, எது மெலியுதோ அதுதான் குற்றவாளி.

வழக்கமா மாட்டுறது வாய்ஸ் மேல போட்ட ஸ்டீரியோ ஒயிட்னர். "வாய்ஸ் பெருசா இருக்கணும்ணா"ன்னு பசங்க கேப்பாங்க, நாமளும் ஒயிட்னரைப் போட்டுடுவோம், ஹெட்ஃபோன்ல ஆகா ஓகோன்னு விரியும், மண்டபத்துல போய் பாத்தா பாடகரைக் காணோம். மெயின் வாய்ஸ் நடுவுல மோனோவா இருக்கட்டும், அகலம் வேணும்னா இன்னும் ரெண்டு தடவை பாட வச்சு ஒரு டேக்கை லெஃப்ட்லயும் இன்னொண்ணை ரைட்லயும் வைங்க. அதே டேக்கை காப்பி பண்ணி கொஞ்சம் தள்ளி வைக்கிற குறுக்கு வழி மோனோல சீப்பு மாதிரி பல்லு பல்லா ஓட்டை போடும். 1 மில்லிசெகண்ட் தள்ளுனா 500 ஹெர்ட்ஸ், 1500, 2500-ன்னு வரிசையா காலியாகும், வாய்ஸோட உடம்பே அங்கதான இருக்கு.

ரெண்டாவது, ஒரே வாத்தியத்துக்கு ரெண்டு மைக். மிருதங்கத்துல வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணுன்னு வைப்போம். தொப்பியோட கும்கி தனியாக் கேட்டா அருமையா இருக்கும், ரெண்டையும் சேத்தா வத்திப் போயிருக்கும். ஒரு மைக்குக்கு மட்டும் ஃபேஸ் பட்டனைத் திருப்பிப் பாருங்க, எதுல அடிச்சத்தம் கொழுப்பா வருதோ அதுதான் சரி, இதுல தியரி பேச வேண்டியதில்ல, காதே சொல்லிடும். முழுசா சரியாகலேன்னா தூர வித்தியாசம். சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 34 செமீ போகும், அந்தக் கணக்குல ஒரு டிராக்கை அலையைப் பாத்து இம்மி இம்மியா நகத்துங்க. மெதுவா, ஏன்னா ஓவராத் தள்ளுனா தாளம் தட்டுறது ரெட்டையாக் கேக்க ஆரம்பிக்கும்.

ஃபைல்ல எந்தத் தப்பும் இல்லாமலே வாய்ஸ் காணாமப் போற கேஸ் ஒண்ணு சொல்றேன். ஒரு நிகழ்ச்சில மைனஸ் டிராக் (பாடகர் குரல் இல்லாத பாட்டு) ஓட்டுறதுக்கு முன்னாடி முழுப் பாட்டைப் போட்டு செக் பண்ணாங்க, பாட்டு ஓடுது, பாடகர் குரல் மட்டும் பேய் மாதிரி ரிவர்ப்ல மட்டும் கேக்குது. எனக்கு வியர்த்துடுச்சு. கடைசில பாத்தா லேப்டாப் ஹெட்ஃபோன் ஓட்டைல இருந்து ரெண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ ஜாக்கை எடுத்து மிக்சரோட பேலன்ஸ்டு இன்புட்ல நேரா சொருகிருந்தாங்க. பேலன்ஸ்டு இன்புட் வேலையே ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்குறது, லெஃப்ட்லயும் ரைட்லயும் ஒரே மாதிரி இருக்கிற நடு வாய்ஸ் அங்கயே கழிஞ்சு போச்சு. ஹெட்ஃபோன் பின்னை அரைகுறையா சொருகுனா பாட்டு கரோக்கி ஆகுமே, கிட்டத்தட்ட அதே கதை. ஒரு ஜாக்கை ரெண்டு தனி ஜாக்கா பிரிக்கிற கேபிள் வாங்கிப் பையில வைங்க.

போர்வை போத்துன மாதிரி டல்லா இருக்கு

முதல்ல வந்த ஃபைல்களைப் பாருங்க. வெளியூர்ல இருக்கிற பாடகர் பாடி அனுப்புறார், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டா வருது, பேச்சு புரிஞ்சா போதும்னு நசுக்குன ஃபைல் அது, அதை வச்சுக்கிட்டு மேல 10 கிலோஹெர்ட்ஸ் ஏத்துனா காத்துதான் ஏறும். ஸ்பெக்ட்ரம் பிளக்இன்ல பாத்தா ஒரு இடத்துல செவுரு வச்ச மாதிரி நின்னுடும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யும் அப்படித்தான், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்கும். யூடியூப்ல இருந்து எறக்குன கரோக்கி டிராக்கும் இந்த லிஸ்ட்ல சேரும். போன்லயே பாடுனாலும் பரவால்ல, வேவ்ல ரெக்கார்ட் பண்ற ஆப் ஏதாவது போட்டு, டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல ட்ரைவ்ல போடச் சொல்லுங்க.

ஃபைல் நல்லாருக்கு, ஆனாலும் மொத்தையா இருக்குன்னா 200-ல இருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. ஹார்மோனியம், பேடு, ஆம்பளை வாய்ஸ், தபேலா டக்கா, அது மேல ரிவர்ப். ஒவ்வொண்ணையும் வெட்டாதீங்க. ரிவர்ப் போற வழில 250 வரைக்கும் லோகட் (அடிச்சத்தத்தை வெட்டுற ஃபில்டர்) போட்டா பாதி மொத்தை போயிடும், வாய்ஸுக்கு 80, 100 பக்கத்துல போடலாம். தம்புராவை விட்டுடுங்க, அதோட கார்வையை வெட்டுனா பாட்டுக்குத் தரை இல்லாம போயிடும், வால்யூமைக் குறைச்சாப் போதும்.

இன்னொரு மாதிரி டல்லும் இருக்கு, சத்தமா வச்சா சூப்பர், மெதுவா வச்சா பேஸும் இல்ல ட்ரெபிளும் இல்ல. நம்ம காதோட குணம் அது, 1933-லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிட்டாங்க, சத்தம் குறையக் குறைய அடியும் உச்சியும்தான் முதல்ல காதுக்கு எட்டாம போகும். ராத்திரி பூரா சத்தமா வச்சு மிக்ஸ் பண்ணா இப்படித்தான் வரும். பக்கத்துல ஆள் பேசுறது கேக்குற அளவுக்கு வால்யூம் வச்சு பேலன்ஸ் பண்ணுங்க, பேஸ் சரியான்னு பாக்க மட்டும் ஒரு நிமிஷம் ஏத்துங்க.

எந்த ஸ்பீக்கர்ல போட்டாலும் ஒரே மாதிரி கோணலா இருக்கு

ட்ரெபிள் குத்துது, பேஸ் இல்ல, கார்லயும் அப்படித்தான், டிவிலயும் அப்படித்தான், ஆனா என் ஹெட்ஃபோன்ல ப்ராஜெக்டைத் தொறந்தா மட்டும் தங்கம். இதுல நான் ஒரு முழு ஆல்பத்தையே அனுப்பி மாட்டிருக்கேன், எட்டு பாட்டு. ஹெட்ஃபோனோட குறையை சரிக்கட்டுற கரெக்‌ஷன் பிளக்இன் மாஸ்டர் கடைசில உக்காந்திருந்துச்சு, பவுன்ஸ்ல அதுவும் பதிஞ்சிடுச்சு. அது என் ஹெட்ஃபோனுக்குப் போட்ட கண்ணாடி, அதை ஊருக்கே மாட்டி விட்டுட்டேன். நல் டெஸ்ட்லயும் இது சிக்காது, ஏன்னா ரெண்டு பக்கமும் அது இருக்கே. ரீப்பர் சாஃப்ட்வேர்ல மானிட்டரிங் எஃப்எக்ஸ்னு தனி இடம் இருக்கு, அங்க போட்டா பவுன்ஸ்ல வராது. மத்ததுல அமுக்கி ஆஃப் பண்ணிட்டு பவுன்ஸ் அடிக்கணும், நான் மானிட்டர்ல ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வச்சிருக்கேன்.

நல் டெஸ்ட் சுத்தம், ஒரே ஒரு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ மட்டும் கோணல்னா அந்தப் பக்கம் பாருங்க. விண்டோஸ்ல ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், போன்ல டால்பி, புளூடூத் ஹெட்செட் ஆப்ல பேஸ் பூஸ்ட், ஏதாவது ஒண்ணு ஆன்ல இருக்கும்.

அப்லோட் பண்ணதும் சத்தம் குறையுது, பாட்டு சப்பையாயிடுது

மத்த பாட்டை விட சத்தமா இருக்கணும்னு லிமிட்டரை நெரிச்சு மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ்ல (பாட்டு மொத்தத்துல காதுக்கு எவ்வளவு சத்தம்னு சொல்ற அளவு) கொண்டுபோய் நிறுத்துவோம். ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல எல்லாத்தையும் மைனஸ் 14-க்கு கொண்டுவரும், யூடியூபும் சத்தமான பாட்டை கிட்டத்தட்ட அதே அளவுக்கு எறக்கும், ஆப்பிள் மியூசிக்ல சவுண்ட் செக் ஆன்ல இருந்தா மைனஸ் 16. அப்ப நம்ம பாட்டை 6 டிபி எறக்கிடுறாங்க. சத்தமும் போச்சு, அடியோட அறையும் போச்சு, லிமிட்டர் நெரிச்ச அடையாளம் மட்டும் மிச்சம். தவில் அடிக்கிறப்பல்லாம் பின்னாடி இருக்கிற எல்லாம் அமுங்கி அமுங்கி எந்திரிக்கிறது கேட்டா அதுதான், லிமிட்டர் மூச்சு வாங்குது.

மைனஸ் 14 சட்டம் ஒண்ணும் இல்ல, குத்துப் பாட்டை மைனஸ் 10-ல விட்டாலும் நல்லாத்தான் இருக்கும். யூலீன் மீட்டர் இலவசம், போட்டு அளந்துக்குங்க, அப்புறம் உங்க பழைய வெர்ஷனையும் புதுசையும் ஒரே எல்யூஎஃப்எஸ்-க்கு எறக்கி வச்சு மாத்தி மாத்திக் கேளுங்க. சத்தமா இருக்கிறது எப்பவுமே நல்லா இருக்கிற மாதிரி காதை ஏமாத்தும், அளவு ஒண்ணாக்குனா சாயம் வெளுத்துரும்.

இரைச்சலும் ஹம்மும்

தனித்தனியாக் கேட்டா தெரியாது, பத்து டிராக்கும் சேந்தா தெரியும், ஏன்னா டிராக் எண்ணிக்கை ரெட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் இரைச்சல் 3 டிபி ஏறும், பத்துக்கு 10 டிபி ஆச்சு. அது மேல கம்ப்ரசர் மெல்லிசான சத்தத்தை எல்லாம் தூக்கி விடும். பாடாத இடத்தை வெட்டி ஃபேட் போடுங்க, அதுதான் முதல் மருந்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் கடைசி. ஓவராப் போட்டா வாய்ஸ் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆகும்.

ம்ம்ம்னு அடில கேட்டா கரண்ட். நமக்கு 50 ஹெர்ட்ஸ், அது கூட 100, 150-ன்னு புள்ள குட்டியும் வரும். லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிட்டு கேளுங்க, நின்னா எர்த் பிரச்சனை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயின்ட்ல எர்த் வருதான்னு பாருங்க. கரண்ட் போனப்ப மட்டும் வந்தா இன்வர்ட்டர், பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்ல ஃபேனே உறுமும், மைக் உறுமாம என்ன பண்ணும். அமைதியா முடியிற பாட்டுக் கடைசில டிக் டிக்னு தாளம் கேட்டா அது ஹெட்ஃபோன்ல இருந்து மைக்குக்கு ஒழுகுன மெட்ரோனோம், மூடுன டைப் ஹெட்ஃபோன் குடுங்க, கடைசி வரிக்கு கிளிக்கை எறக்கிடுங்க.

சின்னச் சின்னது

கடைசில ரிவர்ப் பட்டுனு அறுந்தா எக்ஸ்போர்ட் ரேஞ்ச் சின்னது, கியூபேஸ்ல ரைட் லொக்கேட்டரைத் தள்ளி வைங்க, லாஜிக்ல ஆடியோ டெயில் சேக்குற டிக் இருக்கு, ரீப்பர்லயும் டெயில்னு இருக்கு. ஒரு வாத்தியம் மட்டுமே வந்தா சோலோவை எடுக்க மறந்திருக்கீங்க. 24-ல இருந்து 16 பிட்டுக்கு எறக்குறப்ப டிதர் (வேணும்னே சேக்குற மெல்லிசான இரைச்சல்) ஆன் பண்ணுங்க, கடைசி எக்ஸ்போர்ட்ல ஒரு தடவை மட்டும், இல்லேன்னா ரிவர்ப் தேஞ்சு முடியிற இடம் மணல் மாதிரி ஆகும். ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு டிராக்கை மாத்தினதும் பேலன்ஸ் மாறிப் போனா பேன் லா (சத்தத்தை லெஃப்ட், ரைட்டுக்குப் பிரிக்கிற கணக்கு), ஒருத்தன் நடுவுல 3 டிபி குறைப்பான், ஒருத்தன் குறைக்கவே மாட்டான், ரெண்டையும் ஒண்ணாக்குங்க.

கிளையண்ட் "வாய்ஸ் சரியாக் கேக்கல தம்பி"ங்கிறார்

இந்த லிஸ்ட் பூரா ஓட்டி எல்லாம் சரியா இருந்தும் இந்த போன் வரும். அப்ப எதுல கேக்குறீங்கன்னு கேளுங்க. போன மாசம் ஒரு அண்ணன் மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார், நானும் வாய்ஸை ஏத்தி ஏத்தி மூணு வெர்ஷன் குடுத்தேன், மூணாவதுல வாய்ஸ் மட்டும்தான் இருந்துச்சு, அப்பவும் பத்தலன்னார். நேர்ல போனேன். அவர் போனுக்கு ரப்பர் கவர் போட்டிருந்தார், கீழ ஸ்பீக்கர் ஓட்டையைப் பாதி மூடிருந்துச்சு. கவரைக் கழட்டிட்டு முதல் வெர்ஷனைப் போட்டுக் காட்டுனேன். "இதுதாம்பா, இது நல்லாருக்கு, இதை ஏன் முதல்லயே அனுப்பல"ன்னார்.